அனுமதியில்லாமல் வராமை: மெமோவிலிருந்து மேல்முறையீடு வரை, புதிய அரசு ஊழியர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசு வேலையில் சேர்ந்த புதிதில் யாரும் ஒழுங்கு நடவடிக்கை விதிகளைப் படிப்பதில்லை. சம்பளப் பட்டியல், அகவிலைப்படி, இடமாறுதல் கலந்தாய்வு இவற்றைத்தான் படிப்போம். மெமோ கைக்கு வந்த பிறகு விதிப் புத்தகத்தைத் தேடுவோம். அதற்குள் பாதிக் காரியம் கெட்டுப்போயிருக்கும்.

அனுமதியில்லாமல் பணிக்கு வராதவரை வேலையைவிட்டு அனுப்பலாமா? அனுப்பலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எப்படி அனுப்ப வேண்டும் என்பதற்கும் சட்டம் வழி சொல்லியிருக்கிறது. இந்தக் கட்டுரை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும், பணியமைப்புப் பிரிவில் புதிதாக உட்கார்ந்து இப்படிப்பட்ட கோப்புகளுக்குக் குறிப்பு எழுதுகிறவர்களுக்காகவும். ஒரே விதியை மேசையின் இரண்டு பக்கமும் தெரிந்துவைத்திருந்தால் நீதிமன்றம் வரை போக வேண்டிய வழக்குகள் நிறையக் குறையும் என்பது என் எண்ணம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். வரவில்லை என்பதை வருகைப் பதிவேடு காட்டிவிடும். ஏன் வரவில்லை என்பதை அது காட்டாது. நியாயமான விசாரணை என்றால் அந்த ‘ஏன்’ விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதலில், நீங்கள் எந்த விதிக்குள் வருகிறீர்கள்?

தமிழ்நாடு அரசின் நேரடி ஊழியர் என்றால் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள். அதில் 17(ஏ) சிறு தண்டனைக்கான நடைமுறை, 17(பி) பெரிய தண்டனைக்கானது. அலுவலகத்தில் “அவருக்கு செவன்டீன் பி போட்டுட்டாங்க” என்று பேசிக்கொள்வது இதைத்தான். மத்திய அரசு ஊழியர் என்றால் 1965-ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணிகள் விதிகள். அங்கே பெரிய தண்டனைக்கு விதி 14.

இந்த இரண்டு வகையினருக்கும் அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு காவலாக நிற்கிறது. உங்களைப் பணியமர்த்திய அதிகாரிக்குக் கீழே உள்ளவர் உங்களை வேலையைவிட்டு நீக்க முடியாது. குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரணை நடத்தாமலும் நீக்க முடியாது. விதிவிலக்குகள் மூன்று உண்டு: குற்றவியல் தண்டனை பெற்றவர்கள், விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று காரணம் எழுதப்பட்டவை, நாட்டின் பாதுகாப்பு தொடர்பானவை. வேலைக்கு வராத ஒரு இளநிலை உதவியாளரின் விவகாரம் இந்த மூன்றுக்குள் சாதாரணமாக வராது.

வாரியம், போக்குவரத்துக் கழகம், பொதுத்துறை நிறுவனம் போன்றவற்றில் இருப்பவர்களுக்கு 311 கிடையாது. அவரவர் நிறுவனத்தின் பணி விதிகளோ நிலையாணைகளோ பொருந்தும். ஆனாலும் இயற்கை நீதி, அதாவது ஒருவர் தரப்பைக் கேட்காமல் அவரைத் தண்டிக்கக்கூடாது என்ற கோட்பாடு, அவர்களுக்கும் உண்டு. தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை வேலை திருப்தியில்லை என்று விடுவிப்பது வேறு விஷயம். தவறு செய்தார் என்று களங்கம் சுமத்தி அனுப்பினால் அது தண்டனை. அவரையும் விசாரிக்காமல் அனுப்பக்கூடாது.

வர முடியாமல் போன அன்றைக்கே

விடுப்பு உரிமையல்ல. இது எல்லா விடுப்பு விதிகளிலும் எழுதியிருக்கும், எல்லா மேலதிகாரிகளும் மனப்பாடமாகச் சொல்லும் வாசகம். அதனால் விண்ணப்பம் போட்டுவிட்டாலே விடுப்புக் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஆனால் விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள் என்பது, நீங்கள் வேண்டுமென்றே காணாமல் போகவில்லை என்பதற்கு முதல் சாட்சி. தகவல் தெரிவித்த ஊழியரை ‘திட்டமிட்டு வராதவர்’ என்று பின்னால் நிரூபிப்பது கடினம்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் வீட்டில் ஒருவரை விட்டு மூன்று வரி அனுப்பச் சொல்லுங்கள். என்ன ஆயிற்று, எங்கே இருக்கிறேன், எத்தனை நாளுக்கு விடுப்பு வேண்டும், அவ்வளவு போதும். வாட்ஸ்அப்பில் சொன்னால் மட்டும் போதாது. சொல்வதைத் தவறென்று சொல்லவில்லை. கூடவே மின்னஞ்சலோ பதிவுடன் கூடிய ஸ்பீட் போஸ்டோ போக வேண்டும். தமிழ்நாட்டில் களஞ்சியம் செயலி வழியாக விடுப்புப் போடுகிறவர்கள் சமர்ப்பித்ததும் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் நகலில் பெறுகை முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். கண்காணிப்பாளரிடம் கையில் கொடுத்தேன் என்பது பிற்பாடு எந்த விசாரணையிலும் நிற்காது. அவர் மாறுதலில் போயிருப்பார், அல்லது ஞாபகமில்லை என்பார்.

மருத்துவச் சான்று பற்றி ஒரு வார்த்தை. சான்று இருந்தாலே விடுப்பு உறுதி என்று விதி சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் இரண்டாவது மருத்துவக் கருத்துக் கேட்கவோ மருத்துவக் குழுமத்துக்கு அனுப்பவோ அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி அனுப்பினால் போய்விடுங்கள். உண்மையாகவே நோயாளியாக இருந்து, கோபத்தில் மருத்துவக் குழுமத்துக்குப் போகாமல் விட்டால் உங்கள் சான்றின் மதிப்பு பாதியாகக் குறையும். திரும்பி வரும்போது ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரே சான்றை, ஒரே மையில், ஒரே தேதியில் வாங்கி வருகிறவர்கள் உண்டு. அதைப் பார்த்ததும் குறிப்பு எழுதுகிறவருக்கே சிரிப்பு வரும். மருந்துச்சீட்டு, ஆய்வக முடிவு, சேர்க்கைச் சீட்டு, வெளியேற்றச் சுருக்கம், மருந்துக்கடை ரசீது எல்லாம் காலவரிசையில் இருந்தால் அதன் கனமே வேறு.

திரும்பி வரும் நாள்

பணியில் சேரும் அறிக்கையை எழுதிக்கொண்டு போங்கள். பல அலுவலகங்களில் “மேலிடத்து உத்தரவு வாங்கிட்டு வாங்க” என்று வாசலிலேயே நிறுத்துவார்கள். கையெழுத்துப் போட விடமாட்டார்கள். அப்போது சண்டை போடாமல், அறிக்கையைத் தபாலில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அங்கேயும் வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுடன் கூடிய ஸ்பீட் போஸ்டில் அலுவலகத் தலைவருக்கு ஒன்று, அவருக்கு மேலுள்ளவருக்கு ஒன்று. “இன்று காலை பணியேற்க வந்தேன், அனுமதிக்கப்படவில்லை” என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த விஷயத்தில் இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2012-இல் வந்த கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கு. அவர் மத்திய அரசின் உளவுத்துறையில் இருந்தவர். 1995-96-இல் வேலைக்கு வரவில்லை என்று நீக்கப்பட்டார். வந்தேன், மேலதிகாரி கையெழுத்துப் போட விடவில்லை என்பது அவர் பக்கத்து வாதம். நீதிமன்றம் சொன்னது இதுதான்: அனுமதியில்லாமல் வராமை கடமை தவறுதலா என்பதை, அது வேண்டுமென்றே செய்ததா, தவிர்க்க முடியாத சூழ்நிலையாலா என்று பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. நோய், விபத்து, மருத்துவமனையில் இருந்தது என்று கட்டுப்பாட்டை மீறிய காரணங்கள் இருக்கலாம். வேண்டுமென்றே வரவில்லை என்பதை விசாரணையில் நிரூபிக்க வேண்டியது துறை. அப்படி ஒரு முடிவே இல்லாவிட்டால் அது நடத்தைக் கேடு ஆகாது. அவரைப் பாதிச் சம்பள நிலுவையோடு மறுபடி பணியில் சேர்க்க உத்தரவாயிற்று.

மெமோவுக்குப் பதில்

முதலில் வருவது விளக்கம் கோரும் குறிப்பாணை. இது குற்றச்சாட்டு அல்ல. விவகாரத்தை இங்கேயே முடித்துவிட முடியும். முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் பதிலே காரணம்.

ஒரு வரிப் பதில் எழுதாதீர்கள். “உடல்நிலை சரியில்லாததால் வர இயலவில்லை, மன்னிக்கவும்” என்பது பதிலல்ல. வராததை ஒப்புக்கொண்ட கடிதம் மட்டுமே. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த நாளில் எப்படித் தகவல் சொன்னீர்கள், ஆதாரம் எது, அந்த நாட்களை எந்த விடுப்பாக வரன்முறை செய்யக் கேட்கிறீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். கணக்கில் ஈட்டிய விடுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பணிப் பதிவேட்டைப் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள். விடுப்பு இல்லை என்றால் ஊதியமில்லா அசாதாரண விடுப்பு கேளுங்கள். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பதில் தகராறே இல்லை. அந்தப் பணத்துக்காக வழக்கைச் சிக்கலாக்க வேண்டாம்.

பொய்க் காரணம் வேண்டாம். குடும்பத் தகராறு, கடன் தொல்லை, மனச்சோர்வு, குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை என்று எழுதக் கூச்சமாக இருக்கும். அதற்குப் பதிலாக மஞ்சள் காமாலை என்று எழுதிவிடுவார்கள். பின்னால் அந்தச் சான்று போலி என்று தெரிந்தால் வராததைவிடப் பெரிய குற்றச்சாட்டு கூடுதலாகச் சேரும். உண்மைக் காரணத்தை மூடிய உறையில் கொடுக்கலாம்.

மெமோவைத் திருப்பி அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. ‘பெற மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதிவிட்டால் உங்களுக்குக் கிடைத்ததாகவே கணக்கு. முகவரி மாறியிருந்தால் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். அலுவலகத்தின் பக்கத்துக்கும் இதில் எல்லை உண்டு. ‘ஆள் இல்லை’ என்று திரும்பிவந்த உறையை வைத்துக்கொண்டு, குற்றச்சாட்டு சார்வு செய்யப்பட்டதாக, அதாவது ஊழியரிடம் முறைப்படி சேர்க்கப்பட்டதாக, சொல்ல முடியாது என்று 1998-இல் கரேக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஊழியர் பார்த்திருக்க வாய்ப்பில்லாத பத்திரிகையில் அறிவிப்புப் போட்டதையும் அது ஏற்கவில்லை.

“இத்தனை நாள் வராவிட்டால் தானாகவே வேலை போய்விடும்”

டீக்கடைப் பேச்சிலும் இது உண்டு, சில அலுவலகக் குறிப்புகளிலும் உண்டு. தானாகவே போகாது. இது அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்துபோன கேள்வி.

ஜோத்பூர் மத்தியச் சிறையில் தலைமைக் காவலராக இருந்த ஒருவர் விடுப்பு முடிந்தும் வரவில்லை. விடுப்புக்கு மேல் ஒரு மாதம் வராவிட்டால் பதவியைத் தானே துறந்ததாகக் கருதலாம் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அந்த விதியைச் சொல்லி அவரை நீக்கினார்கள். 1960-களின் நடுவில் ஜெய்சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயர் எதுவானாலும் இது நீக்கம்தான், 311-இன்படி வாய்ப்புத் தர வேண்டும் என்றது. 1971-இல் பீகாரைச் சேர்ந்த தேவகிநந்தன் பிரசாத் வழக்கு. அங்கே ஐந்து வருடம் வராவிட்டால் பணி முடிந்தது என்ற விதி. அதற்கும் அதே பதில்தான். ஓய்வூதியம் அரசின் இரக்கத்தில் தருவது அல்ல, உரிமை என்று சொன்ன தீர்ப்பும் அதுவே.

இன்றைக்கு மத்திய அரசின் விடுப்பு விதியில், தொடர்ந்து ஐந்து வருடத்துக்கு மேல் வராதவர் ராஜினாமா செய்ததாகக் கருதப்படுவார் என்று இருக்கிறது. ஆனால் அதற்கு முன் காரணத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை அதே விதியில் ஒட்டியிருக்கிறது.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேறு நல்ல வேலை கிடைத்தோ, வெளிநாடு போகும் வாய்ப்பு வந்தோ, ராஜினாமாக் கடிதம்கூட இல்லாமல் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடிதம் கொடுத்தாலும் அது ஏற்கப்படும் வரை நீங்கள் ஊழியர்தான். இப்படி நின்றவர்களின் கோப்பில் ‘வேண்டுமென்றே’ என்பதை நிரூபிக்கத் துறைக்குச் சிரமமே இருக்காது. இரண்டு வரி ராஜினாமாவும் தடையின்மைச் சான்றும் வாங்கச் சோம்பல்பட்டு, நடத்தைக் கேட்டுக்காக நீக்கப்பட்டவர் என்ற பெயரோடு அடுத்த அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டி வரும்.

17(பி) வந்துவிட்டது

குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் குற்றச்சாட்டு, அதற்கான விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் என இணைப்புகள் இருக்கும். பயத்தில் பக்கத்தைப் புரட்டாமல் நிதானமாகப் படியுங்கள்.

தேதிகள் துல்லியமாக இருக்கின்றனவா? ‘அடிக்கடி விடுப்பு எடுக்கும் பழக்கமுள்ளவர்’ என்பது குற்றச்சாட்டு அல்ல, வசவு. எந்தெந்த நாள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏற்கெனவே விடுப்பாக வரன்முறை செய்துவிட்ட நாட்களைச் சேர்த்திருக்கிறார்களா? வேண்டுமென்றே வரவில்லை என்று சொல்கிறார்களா, வெறுமனே வரவில்லை என்றா? நீங்கள் கொடுத்த விளக்கம் ஆவணப் பட்டியலில் இருக்கிறதா, இல்லாமல் விட்டிருக்கிறார்களா? ஆவண நகல் எதுவும் வராமலிருந்தால் பதில் எழுதுவதற்கு முன்பே கேட்டு எழுதுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போட்டுவையுங்கள்.

வரன்முறை செய்த நாட்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. “ஊதியமில்லா விடுப்பாக மாற்றிவிட்டார்கள், இனி குற்றச்சாட்டு செல்லாது” என்று சிலர் நம்பிக்கொண்டிருப்பார்கள். விடுப்புக் கேட்டு, அதிகாரி மனமாரக் கொடுத்திருந்தால் அந்த வாதம் நிற்கும். தண்டனை ஆணையிலேயே, பதிவேட்டுக் கணக்கைச் சரிசெய்வதற்காக அந்த நாட்களை ஊதியமில்லா விடுப்பு என்று எழுதியிருந்தால் நிற்காது. உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்த்திருக்கிறது.

பதிலில் வாய்மொழி விசாரணை வேண்டும் என்று கட்டாயம் எழுதுங்கள். மத்திய அரசில் உங்களுக்கு உதவியாக இன்னொரு ஊழியரை வைத்துக்கொள்ளலாம். இந்த விதிகளோடு பழகிய ஓய்வுபெற்றவர் அல்லது சங்கப் பொறுப்பாளர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிவிட்டுப் போவது எந்த அரசிலும் நல்லது.

விசாரணை

போங்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும், முடிவை ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டார்கள் என்று தோன்றினாலும், போங்கள். விசாரணை அலுவலர் ஒரு பக்கச் சார்பானவர் என்று நினைத்தால் அதை எழுத்தில் கொடுத்து மாற்றக் கேளுங்கள். போகாமலிருந்தால் உங்கள் பக்கம் காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

ஊழியர் வராவிட்டாலும் அலுவலரின் வேலை தீர்ந்துவிடாது. ஒருதலைப்பட்ச விசாரணையிலும் சாட்சிகளை விசாரிக்க வேண்டும், ஆவணங்களை நிரூபிக்க வேண்டும். விசாரணை அலுவலர் அரசுத் தரப்பு வழக்கறிஞர் இல்லை என்பதை 2010-இல் உத்தரப் பிரதேச அரசு தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. நடைமுறையில் என்ன நடக்கிறது? “மூன்று முறை அழைப்பாணை அனுப்பியும் வரவில்லை, எனவே குற்றச்சாட்டு நிரூபணமானது.” ஒன்றரைப் பக்க அறிக்கை. விசாரணைக்கு வராததை வைத்து வேலைக்கு வராததை நிரூபித்துவிட்டார்கள்! இப்படி எழுதப்பட்ட அறிக்கைகள் நீதிமன்றத்தில் விழுகின்றன. விழும்போது நிலுவைச் சம்பளத்தை அரசுப் பணத்திலிருந்துதான் கொடுக்கிறார்கள்.

உங்கள் முறை வரும்போது, வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்த சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. என் விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது? அதன்மீது என்ன உத்தரவு போட்டார்கள்? நிராகரித்ததை எனக்குத் தெரிவித்தார்களா? பல கோப்புகளில் விண்ணப்பத்தின்மேல் உத்தரவே இருக்காது. ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, அப்படியே கட்டி வைத்திருப்பார்கள். அந்த மௌனம் உங்களுக்குச் சாதகம்.

விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகலை உங்களுக்குத் தந்து, அதன்மீது உங்கள் கருத்தைக் கேட்ட பிறகே தண்டனையை முடிவு செய்ய வேண்டும். 1993-இல் கருணாகர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. உங்கள் கருத்தில், அறிக்கையில் ‘வேண்டுமென்றே’ என்பதற்கு என்ன சான்று காட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை முதல் பத்தியிலேயே வையுங்கள். பழைய தண்டனைகளைக் கணக்கில் எடுத்து இந்த முறை கடுமையாகத் தண்டிக்கப் போகிறார்கள் என்றால், அதையும் முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

தண்டனை எவ்வளவு?

கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு என்று தண்டனை ஏறிக்கொண்டே போகும். பணிநீக்கத்துக்கும் பணியறவுக்கும் வித்தியாசம் உண்டு: பணிநீக்கம் செய்யப்பட்டவர் வேறு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை, பணியறவு பெற்றவருக்குச் சாதாரணமாக அந்தக் கதவும் மூடப்படும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு இரண்டிலும் ஓய்வூதியம் போய்விடும்.

எத்தனை நாள் வராவிட்டால் எந்தத் தண்டனை என்று எங்கும் அட்டவணை கிடையாது. நீதிமன்றமும் பொதுவாகத் தண்டனையின் அளவில் கை வைக்காது. மனசாட்சியை உலுக்கும் அளவுக்குப் பொருத்தமில்லாமல் இருந்தால்தான் தலையிடும். இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

2009-இல் கோல் இந்தியா வழக்கு. ஊழியர் ஆறு மாதம் வரவில்லை. விசாரணையில் வராததை ஒப்புக்கொண்டார். சொந்தக் காரணங்கள், என் கையை மீறியவை, வேண்டுமென்று செய்யவில்லை என்றார். நீக்கம் அளவு மீறிய தண்டனை என்று சொல்லி, வேலையைத் திருப்பிக் கொடுத்தது உச்ச நீதிமன்றம். நிலுவைச் சம்பளம் மட்டும் இல்லை. அதுவே அவருக்குத் தண்டனை.

2014-இல் நம் சென்னைக் குடிநீர் வாரியத்தின் வழக்கு. இளநிலைப் பொறியாளர் ஒருவர் வராததற்காக நீக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து நீக்கத்தை உறுதி செய்தது. பர்மார் தீர்ப்பு எல்லா வழக்குக்கும் ஒரே மாதிரி பொருந்தாது, வேண்டுமென்றே வராமலிருந்தாரா என்பது அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்றது. அவர் நீதிமன்றத்துக்கு வந்ததே நான்கு வருடம் கழித்து. கும்பகர்ணனோடு போட்டி போடும் சோம்பேறிகளுக்கு நீதிமன்றம் சலுகை காட்ட வேண்டியதில்லை என்ற பொருள்படத் தீர்ப்பில் ஒரு வரியே இருக்கிறது.

இந்த இரண்டு வழக்கையும் நாட்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்க முடியாது. ஒருவர் விசாரணையில் வாய் திறந்து காரணம் சொன்னார். இன்னொருவர் நீதிமன்றக் கதவைத் தட்டவே நான்கு வருடம் எடுத்துக்கொண்டார்.

சீருடைப் பணியில் இருப்பவர்கள் இந்த அளவுகோலை அப்படியே நம்ப வேண்டாம். காவல்துறை, துணை ராணுவப் படைகளில் சொல்லாமல் போனவரை நீக்கியதை நீதிமன்றங்கள் பல முறை ஏற்றிருக்கின்றன. நியாயம் என்றால் ஊழியர் பக்கம் மட்டும் பார்ப்பதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஓராசிரியர் பள்ளியில் ஆசிரியர் வராவிட்டால் அன்று பள்ளியே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணிக்கு வர வேண்டிய செவிலியர் வராவிட்டால், முந்தைய பணி முடித்தவர் வீட்டுக்குப் போக முடியாது. அனுமதியில்லாத ஒவ்வொரு நாளுக்கும் பின்னால் இரட்டை வேலை பார்த்த ஒரு சக ஊழியர் இருக்கிறார். அதனால் வேலைத் தன்மையைப் பார்த்துத் தண்டனை கூடுவதில் தவறில்லை. காரணத்தைப் பார்க்காமல் கூடுவதுதான் தவறு.

உடல், மனம் பாதிக்கப்பட்டவர்கள்

வேலையில் இருக்கும்போது மாற்றுத்திறன் நிலை ஏற்பட்டவரை அந்தக் காரணத்துக்காக வேலையைவிட்டு அனுப்பக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4) சொல்கிறது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணியிடம். அதுவும் இல்லாவிட்டால் உபரிப் பணியிடம். மனநோயும் இந்தச் சட்டத்துக்குள் வரும். 2021-இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் வழக்கில், மனநலப் பாதிப்போடு தொடர்புள்ள நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வராமைக் குற்றச்சாட்டு அல்ல, ஆனால் தர்க்கம் இங்கேயும் பயன்படும். மனச்சோர்வில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறவர் மெமோவுக்குப் பதில் எழுத மாட்டார். அவருக்காகக் குடும்பத்தார் எழுதலாம், எழுத வேண்டும். பணியமைப்புப் பிரிவில் இருப்பவர்களே, நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று காணாமல் போனால், மூன்றாவது மெமோவைத் தட்டச்சு செய்வதற்கு முன் ஒருவரை அவர் வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள்.

கூட்டமாக வராமை

வேலைநிறுத்தம் தனிக் கதை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் ஆசிரியர்களும் அவசரச் சட்டத்தின் பேரில் தனித்தனி விசாரணை இல்லாமல் ஒரேயடியாக நீக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று அந்த ஆகஸ்டிலேயே தீர்ப்பு வந்தது; அதே வழக்கில் பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசும் இசைந்தது. சங்கம் அழைத்ததால் வராமலிருந்தேன் என்பது ‘தவிர்க்க முடியாத காரணம்’ ஆகாது. ஒரு நாளாக இருந்தாலும் சம்பளம் போகும் என்று தெரிந்தே போங்கள்.

மேல்முறையீடும் அதற்குப் பிறகும்

நீக்க ஆணை கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். மத்திய அரசில் மேல்முறையீட்டுக்கு 45 நாள். மாநில அரசு ஊழியர்களும் அதே 45-க்குள் முடித்துவிடுவது நல்ல பழக்கம். மனுவில் கண்ணீரைக் குறைத்துக் குறைகளை எழுதுங்கள்: பணியமர்த்தியவருக்குக் கீழுள்ளவர் ஆணை போட்டாரா, விண்ணப்பத்தின்மீது உத்தரவு இல்லையா, எந்த ஆவணம் தரவில்லை, ‘வேண்டுமென்றே’ என்பதைப் பற்றி எங்கே முடிவு சொல்லப்பட்டிருக்கிறது, இதே போன்ற வேறு ஊழியருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள். குடும்பச் சூழ்நிலையையும் சேவைக் காலத்தையும் கடைசியில் ஒரு பத்தியில் சொல்லித் தண்டனையையாவது குறைக்கும்படி மாற்றுக் கோரிக்கை வையுங்கள். நீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றினால்கூட ஓய்வூதியம் மிஞ்ச வழி இருக்கிறது.

மேல்முறையீட்டில் தோற்றால் மத்திய அரசு ஊழியர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். இறுதி ஆணையிலிருந்து ஒரு வருடம் கெடு. மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் பதிலே வராவிட்டால், அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஒரு வருடம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு இப்போது தனித் தீர்ப்பாயம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் அல்லது அதன் மதுரைக் கிளையில் ரிட் மனு. ரிட்டுக்குக் கெடு எழுதப்படவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். குடிநீர் வாரிய வழக்கை இன்னொரு முறை படியுங்கள்.

எல்லாக் கதவும் மூடிய பிறகும் ஒன்று இருக்கிறது. மத்திய ஓய்வூதிய விதிகளில், நீக்கப்பட்டவருக்குக் கருணைப்படி தர இடமுண்டு. கிடைத்திருக்கக்கூடிய ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை. தானாக வரும் என்று காத்திருக்காமல், தனியாக மனுப் போட்டுக் கேளுங்கள். நீண்ட சேவை இருந்து, நேர்மைக் குறைவு எதுவும் இல்லாமல், வராமை ஒன்றுக்காக மட்டும் வேலை போனவர்கள் இதைக் கேட்காமல் விடக்கூடாது. மனுவோடு பணிப் பதிவேட்டின் நகலையும் மருத்துவக் காகிதங்களையும் வையுங்கள். இரண்டு செட், ஒன்றில் பெறுகை முத்திரை.